கொழும்பின் ஈரக்காற்றில் சடை வளர்த்தல்

தலைமயிரைச் சீவாமலும் சிக்கெடுக்காமலும் சில மாதங்கள் விட்டுவிட்டால் அது ஒன்றோடொன்று பின்னிப் புரிபுரியாகத் திரளும் என்பதையும், அவ்வாறு திரண்டதே சடை என்பதையும் தமிழ் வாசகருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. துறவுக்கும் நேர்த்திக்கும் உரியதாக இருந்த இச்சடை, 'ட்ரெட்லொக்ஸ்' என்ற பெயரோடு கரிபியன் கடலைச் சுற்றித் திரும்பி வந்து, அறுகம்குடாவிலும் ஹிக்கடுவையிலும் அலைச்சறுக்கு விளையாடும் இளைஞரின் தலையில் ஏறியிருப்பதும், கொழும்பின் சலூன்களில் கேட்டுச் செய்துகொள்ளும் ஒரு கோலமாக ஆகியிருப்பதும்தான் அண்மைக்கால மாற்றம். தானாக விழும் சடைக்கு முறையும் ஆயத்தமும் வேண்டியதில்லை. நாள் குறித்து நாற்காலியில் அமர்ந்து ஆரம்பிக்கும் சடைக்கு இரண்டும் வேண்டும். ஆயினும் எந்த முறை சிறந்தது என்று விவாதிப்போர் கவனியாது விடும் செய்தி ஒன்று உண்டு. சடை எத்தனை புரிகளாகப் பிரிய வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்பவற்றையே முறை தீர்மானிக்கிறது. அதைத் திரட்டுவது மயிரின் அமைப்பும் காலமும் ஆகும். அதைக் கெடுப்பது, கொழும்பைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஈரம்.

மயிரிழை கெரட்டின் என்னும் புரதத்தாலானது. அதன் உட்பகுதியைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த நுண்ணிய செதில்களாலான புறப்படை ஒன்று அமைந்திருக்கிறது. அச்செதில்களின் விளிம்புகள் யாவும் நுனியை நோக்கியே சாய்ந்திருப்பதால், வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும் மயிர், நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் தடுக்கும். செம்மறியின் மயிரை ஈரத்தில் கசக்கிக் கசக்கிக் கம்பளித் தகடாக்கும் தொழில் இந்த ஒருதிசை உராய்வைக் கொண்டே நடைபெறுகிறது, தலையில் சடை இறுகுவதும் அதே விதிப்படிதான். மனிதத் தலையிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 வரையான மயிர்கள் இயல்பாகவே உதிர்கின்றன. சீவுபவருக்கு அவை சீப்போடு போய்விடும். சடை வளர்ப்பவருக்கோ அவை சடைக்குள்ளேயே தங்கி, உயிருள்ள மயிர்களைச் சுற்றி இறுகி, புரிக்குத் திண்மையைக் கொடுக்கும். முற்றிய சடையின் கனத்தில் கணிசமான பங்கு இவ்வாறு உதிர்ந்தும் வெளியேறாத மயிருக்கே உரியது.

மயிர் சுருளுமா நேராக விழுமா என்பது மயிர்க்கால் வளைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆபிரிக்க வம்சாவளியினரின் நெருங்கிச் சுருண்ட மயிர், தட்டையான குறுக்குவெட்டுடையது. அது சீப்பின் ஒரு சுழற்சியிலேயே புரியாகி நிற்கும். இலங்கையரிடையே பரவலாகக் காணப்படும் நேரான அல்லது இலேசாக அலையோடிய மயிர் வட்டத்தை அண்மிய குறுக்குவெட்டும் தடிப்பும் உடையதாதலால், சுருட்டி விட்டால் ஒரு கழுவலில் அவிழ்ந்துவிடும். ஜமைக்காவிலோ அமெரிக்காவிலோ வெற்றி கண்ட முறையை இங்கே அப்படியே செய்துபார்த்து ஏமாந்தவர்களின் மனக்குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இலங்கையில் சடையைப் பற்றி எழுதப்பட்ட நூல்களுள் உலகெங்கும் வாசிக்கப்பட்டது, மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981 இல் வெளியிட்ட 'மெடூசாவின் கூந்தல்' ஆகும். கதிர்காமத்தில் தீமிதிப்பு முதலிய வழிபாடுகளை ஆராயச் சென்ற அவர், சடைமுடியோடு ஆடிய பெண் துறவியரைக் கண்டு, அவர்களுள் சிலரின் வாழ்க்கை வரலாறுகளைக் கேட்டறிந்து அந்நூலை எழுதினார். அவர்களுள் பெரும்பாலோர் சிங்கள பௌத்தப் பெண்கள். இல்லற வாழ்வில் நேர்ந்த முறிவுக்கும் நோய்க்கும் தெய்வ ஆவேசத்துக்கும் பின்னர் தமது தலையில் சடை விழுந்ததாகவும், அது முருகன் தமக்கு அளித்த சக்தி என்றும், அதை வெட்டினால் தண்டனை வரும் என்றும் அவர்கள் நம்பினர். தமிழ்ச் சைவ மரபிலிருந்து வந்த கோலம் ஒன்று சிங்களப் பெண்களின் தனிப்பட்ட துயரத்துக்கு வடிவம் கொடுத்த விதமே ஒபயசேகர ஆராய்ந்த பொருள். மயிரைப் பற்றி 1958 இல் கட்டுரை எழுதிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச்சோடு அவர் நூல் முழுவதும் வாதாடுகிறார். மயிர்க்கோலம் ஒரு சமூகத்தின் பொதுக் குறியீடு, அதை அணிபவரின் மனத்துக்கும் அதற்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை என்பது லீச்சின் நிலை. பொதுக் குறியீடே தனிமனத்தின் அனுபவத்தைச் சுமக்கவும் கூடும் என்பது ஒபயசேகரவின் மறுமொழி. லீச்சும் 1950களில் இலங்கைக் கிராமமொன்றில் தங்கி ஆய்வு செய்தவரே என்பதால், இதை ஒரு வகையில் உள்வீட்டு வழக்கு என்றே கொள்ளலாம்.

கதிர்காமத்துத் துறவியரின் தலையிலும் வட இந்தியச் சாதுக்களின் தலையிலும் காணப்படும் சடைகள் எண்ணிக்கையிற் குறைந்தும் மிகத் தடித்தும் இருப்பதற்கான பௌதிகக் காரணம் எளிது. வேரருகே பிரித்துவிடப்படாத புரிகள் அயற்புரிகளோடு சேர்ந்து சேர்ந்து இறுதியில் மூன்று, ஐந்து எனச் சில பெருஞ்சடைகளாகத் திரண்டுவிடும். பிரித்துப் பேணப்படும் சடை வேறொரு தோற்றம் உடையது. அதைக் காண விரும்பும் கொழும்புவாசி கறுவாத்தோட்டத்துக்குப் போய், 1877 இல் திறக்கப்பட்ட கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தினுள் நுழைந்தாற் போதும். 1907, 1908 ஆம் ஆண்டுகளில் எச். சீ. பி. பெல் பொலன்னறுவையில் அகழ்ந்தெடுத்த சைவ வெண்கலப் படிமங்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. சிற்ப நூலார் சடைமகுடம் என்று குறிப்பிடும் உயர்த்திக் கட்டிய சடையாயினும், ஆடவல்லானின் இருபுறமும் பறக்கும் விரிசடையாயினும், சிற்பி வார்த்த சடையில் ஒவ்வொரு புரியும் தனித்தனியாக, ஒரே தடிப்பில், ஒழுங்காக இறங்கும். தவம் கிடந்தவனின் தலை அவ்வளவு ஒழுங்காக இருந்திருக்க முடியாது. பேணுதலில் தேர்ந்த கையொன்று பிரித்துவிட்ட சடையையே சிற்பி தெய்வத்துக்கு அளித்திருக்கிறான்.

சடையை நாள் குறித்து ஆரம்பித்த செய்தியும் பழமையானதே. வால்மீகி இராமாயணத்தின் அயோத்தியா காண்டத்தில், கங்கைக்கரையை அடைந்த இராமன், குகனிடம் ஆலம்பால் கொண்டுவரச் சொல்லி, அதைத் தன் தலையிலும் இலக்குவனின் தலையிலும் பூசிச் சடை தரிக்கிறான். பதினான்கு ஆண்டு வனவாசத்துக்குப் புறப்படுபவனுக்குச் சடை இயல்பாகத் திரளும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆகவே ஒட்டும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. இன்று கடைகளில் விற்கப்படும் சடை மெழுகுக்கும் அதுவே வேலை, அதன் குறையும் அதுவே என்பது பின்னர் விளங்கும்.

ஜமைக்காவின் கதை இதிலிருந்து முற்றிலும் வேறானதன்று. 1930 நவம்பரில் எதியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹெய்லி செலாசியைத் தெய்வமாகக் கொண்டு எழுந்த ரஸ்தபாரி இயக்கத்தின் முன்னோடியான லெனார்ட் ஹவல், 1935 இல் தமது சிறுநூலை 'கங்குன்குரு மராக்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். அப்பெயரில் ஞானகுரு மகாராஜ் என்னும் இந்தியச் சொற்களே ஒலிக்கின்றன என்று ஆய்வாளர் காட்டியுள்ளனர். 1845 முதல் 1917 வரை 36,000க்கும் மேற்பட்ட இந்தியக் கூலித் தொழிலாளர் ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். அவர்கள் வழியாகச் சாதுக்களின் சடையும் சென்றது என்பது ஒரு கருத்து. விவிலியத்தின் எண்ணாகமத்திலுள்ள நசரேய விரதமே மூலம் என்பது ரஸ்தபாரிகளின் சொந்த விளக்கம். 1950களில் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்துக் காடுகளில் போராடிய கென்யாவின் மௌ மௌ வீரர்களின் நிழற்படங்களே தூண்டின என்போரும் உளர். மூன்றும் கலந்திருப்பதில் வியப்பில்லை. அக்கோலத்தை உலகெங்கும் கொண்டுசென்ற பாடகர் பொப் மார்லி காலமானது 1981 இல். ஒபயசேகரவின் நூல் வெளியானதும் அதே ஆண்டே.

இனி ஆயத்தம். நேரான மயிருக்குக் குறைந்தது 10 முதல் 15 சென்ரிமீற்றர் நீளம் தேவை. அதற்குக் குறைந்தால் முடிச்சு விழ இடமிராது, சுருண்ட மயிருக்கோ 5 சென்ரிமீற்றர்கூடப் போதும். மயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்வதாலும், திரளத் தொடங்கியதும் நீளம் கணிசமாகச் சுருங்குவதாலும், தோளில் புரளும் சடை வேண்டுவோர் தோளைத் தாண்டிய மயிரோடு ஆரம்பிப்பதே நல்லது. பொடுகோ பேனோ தோற்படையோ இருந்தால் முதலில் அவற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சடைக்குள் பேன் சீப்பு நுழையாது, மருந்தும் எளிதில் இறங்காது.

அடுத்தது எண்ணெய். சிறுவயது முதலே தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் ஊறிய தமிழ்த் தலைக்கு இதுவே கடினமான துறவு. எண்ணெயும், ஷாம்புக்குப் பின் பூசும் கண்டிஷனரும், மேலே சொன்ன செதில்களை மூடி வழுக்கச் செய்பவை. ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்னதாகவே அவற்றை நிறுத்தி, படிவு விடாத ஷாம்புவால் பலமுறை கழுவி, மயிரைக் கைக்குச் சற்றுக் கரகரப்பாகத் தோன்றும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சாதாரணச் சவர்க்காரம் ஆகாது. அது நீரிலுள்ள கல்சியத்தோடு சேர்ந்து கரையாத வெண்படிவாகச் சடைக்குள் தங்கிவிடும். களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் குழாய்நீர் பெறும் கொழும்பில் இச்சிக்கல் குறைவு, சுண்ணாம்புப் பாறையினூடாக ஊறும் யாழ்ப்பாணக் கிணற்றுநீரில் அதிகம். அப்பச்சோடாவைக் கரைத்துத் தலையில் ஊற்றும் பழக்கமும் சிலரிடம் உண்டு. சற்று அமிலத்தன்மையுடைய உச்சந்தலைத் தோலுக்குக் காரநீர் ஒவ்வாதது என்பதால், அதைக் கைக்கொள்ளாதிருப்பதே நன்று.

கழுவி முற்றாக உலர்ந்த தலையைக் கட்டங்களாகப் பிரிப்பதே நாள் குறித்து ஆரம்பிக்கும் எல்லா முறைகளுக்கும் பொதுவான முதற்படியும், உண்மையில் மிக முக்கியமான படியும் ஆகும். ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் சதுரங்களாக, சுவரில் செங்கல் அடுக்கும் ஒழுங்கில் ஒரு வரியின் கோடு அடுத்த வரியின் கட்டத்துக்கு நடுவே விழுமாறு பிரித்தால், பின்னர் தலையில் வகிடுகள் பளிச்சென்று தெரியா. ஒவ்வொரு கட்டத்தையும் சிறு இறப்பர் வளையத்தால் கட்டி வைத்துவிட்டுத்தான் திரிக்கத் தொடங்க வேண்டும். நேரான மயிரில் நாற்பது முதல் அறுபது வரையான சடைகள் அமைவது வழக்கம். கட்டம் மிகச் சிறிதானால் நாளடைவில் சடையின் கனத்தைத் தாங்காது வேர் மெலியும். மிகப் பெரிதானால் உள்ளே ஈரம் உலராது.

நேரான மயிருக்குப் பரவலாகக் கையாளப்படும் முறை பின்சீவல் ஆகும். இதற்கு நெருங்கிய பற்களையுடைய உலோகச் சீப்பு வேண்டும். பேன் வாரும் இரும்புச் சீப்பே போதுமானது. ஒரு கட்டத்து மயிரை நுனியில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, உச்சந்தலையிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளிச் சீப்பை வைத்து வேரை நோக்கித் தள்ளித் தள்ளிச் சீவ, மயிர் மடிந்து மடிந்து வேரடியில் இறுகும். அப்பகுதி திண்ணென்றானதும் சற்றுக் கீழே இறங்கி மீண்டும் அவ்வாறே சீவி நுனிவரை செல்ல வேண்டும். இருவர் சேர்ந்து செய்தாலும் முழுத்தலைக்கு ஒரு பகல் பிடிக்கும். சீப்பே இல்லாமல் கையால் செய்யும் 'முறுக்கிப் பிரித்தல்' என்ற முறையும் உண்டு: கட்டத்து மயிரைச் சிறிது முறுக்கி, நுனியை இரு சமமற்ற பங்குகளாகப் பிடித்து இருபுறமும் இழுத்தால், பிரிவு வேரை நோக்கி ஓடி அங்கே சிக்கிக்கொள்ளும், மீண்டும் அதே திசையில் முறுக்கி, வேறு இரு பங்குகளாகப் பிடித்து இழுக்க வேண்டும். இது மெதுவானது, ஆனால் மயிரை உடைப்பது குறைவு. திரளும் புரியும் தளர்வாக இருப்பதால் எளிதில் உலரும். ஈரநாட்டுக்கு ஏற்றது இதுவே என்று துணிந்து கூறலாம்.

சலூன்களில் பெரும்பாலும் விரும்பப்படுவது, ஒரு மில்லிமீற்றரிலும் குறைந்த தடிப்புள்ள குரோஷே ஊசியால் வெளியே நிற்கும் இழைகளைப் புரிக்குள் இழுத்து இழுத்து இறுக்கும் முறையாகும். அன்றைய தினமே முற்றிய சடையின் தோற்றம் கிடைத்துவிடுவதால் வாடிக்கையாளர் மகிழ்வர், தொழில் செய்பவருக்கும் தன் வேலையை உடனே காட்ட முடிகிறது. எனினும் தேர்ச்சியற்ற கையில் ஊசியின் கொக்கி மயிரை அறுக்கும். அளவுக்கு மிஞ்சி இறுக்கிய சடை நடுவில் பாறைபோல் கட்டிப்பட்டு, கழுவிய நீரை மறுநாள்வரை விடாது. தளர்ந்த புரிகளைச் சீர்செய்யவும் நுனிகளை முடிக்கவும் ஊசியை அளவாகப் பயன்படுத்துவது வேறு, அதைக் கொண்டே சடையைக் கட்டுவது வேறு. சீப்பால் சுருட்டுதல், இரட்டைப்புரியாக முறுக்குதல் ஆகியன சுருண்ட மயிருக்கு உரியவை. நுனியை வேரின் ஊடாக நுழைத்துப் பூட்டும் முறையும் பெரும்பாலும் அவ்வகை மயிருக்கே பொருந்தும். இரசாயனத்தால் மயிரைச் சுருளச் செய்து பின் திரிக்கும் முறையைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை; புரதப் பிணைப்புகளை உடைத்து மெலிவித்த மயிரின் மேல் ஆண்டுக்கணக்கான பாரத்தை ஏற்றுவது புத்தியன்று.

எஞ்சுவது சீவாது விடும் முறை. வாரத்தில் இருமுறை ஷாம்புவால் கழுவி, சீப்பைத் தொடாமல், வேர்களை மட்டும் விரல்களால் பிரித்து வந்தால், சில மாதங்களில் புரிகள் தாமே தோன்றும். தடிப்பு ஒன்றுபோல் இராது; உச்சியில் ஒன்று மெலிந்தும் பிடரியில் ஒன்று கையளவு தடித்தும் இருக்கும். பணச்செலவில்லாத இம்முறைக்குப் பொறுமையைவிட, முதல் அரையாண்டில் வீட்டாரும் அயலாரும் சொல்வதைத் தாங்கும் மனமே அதிகம் வேண்டும்.

எந்த முறையானாலும் மெழுகைத் தவிர்த்தல் நலம். தேன்மெழுகு உருகும் வெப்பநிலை ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியஸ். அவ்வளவு சூடான நீரைத் தலையில் ஊற்ற இயலாது. ஆகவே ஒருமுறை சடைக்குள் போன மெழுகு கழுவலால் வெளியேறாமல், தூசியையும் வாகனப் புகையையும் பிடித்துவைத்து, ஈரத்தையும் உள்ளே பூட்டிவிடும். இராமனின் ஆலம்பாலும் உலர்ந்தால் ஒட்டும் படலமாகும் பாலே. ஆனால் அவன் கோலம் காட்டில் தரிப்பதற்கானது, காலையில் காலி வீதியில் பேருந்தேறி அலுவலகம் போவதற்கானதன்று.

கொழும்பில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை 27, 28 பாகையை ஒட்டியே நிற்கிறது. மழை ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றரைத் தாண்டும். மே மாதத் தென்மேல் பருவக்காற்றின்போதும் ஒக்டோபர், நவம்பர் மழையின்போதும் கொடியில் போட்ட துணியே மறுநாள்தான் உலரும். மயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீரை உறிஞ்சக்கூடியது என்பதோடு, புரிகளின் இடைவெளியில் தங்கும் நீரையும் சேர்த்தால், தடித்த சடையொன்று எவ்வளவு ஈரத்தைச் சுமக்கும் என்பது புலப்படும். அவ்வீரம் நாட்கணக்கில் நீடித்தால் உள்ளே பூஞ்சணம் பிடித்து, எந்த ஷாம்புவுக்கும் போகாத புளித்த வாடை வீசத் தொடங்கும். அந்நிலையில் பெரும்பாலும் சடையை வெட்டுவதைத் தவிர வழியில்லை. ஆகையால் முதல் ஒன்றிரண்டு வாரம் கழுவாமல் விட்ட பின், வெயிலுள்ள காலையில் கழுவி, புரிபுரியாகப் பிழிந்து, துவாயால் ஒற்றி, மின்விசிறியின் முன் முற்றாக உலர்த்துவதை வழக்கமாக்க வேண்டும். ஈரத்தலையோடு உறங்குவதும், ஈரத்தலைமேல் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டுவதும், ஈரச்சடையைத் தூக்கிக் கொண்டையாக இறுக்குவதும் ஆகா. கடல்நீர் மயிரைக் கரகரப்பாக்கித் திரளுவதற்கு உதவும் என்பது உண்மையே. ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையதாதலால், வெள்ளவத்தைக் கடற்கரையிலிருந்து வீடு திரும்பியதும் நன்னீரில் அலசுதல் அவசியம்.

வாரத்துக்கு ஒருமுறை வேரடியில் ஒட்டத் தொடங்கும் அயற்புரிகளை விரல்களால் பிரித்துவிடுவதும், ஒவ்வொரு சடையையும் உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டுவதும் பேணுதலின் பெரும்பகுதியாகும். மூன்று மாதங்களில் சிக்கல் உறுதிப்படும். முற்றுவதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு பிடிக்கும். இடையில், குறிப்பாக நான்காம், ஐந்தாம் மாதங்களில், புரிகள் வளைந்தும் புடைத்தும் தாறுமாறாகத் தோன்றும் காலத்திலேயே பலர் மனம் தளர்ந்து சலூனுக்கு ஓடி ஊசியால் இறுக்கிக்கொள்கின்றனர். அவ்வளைவுகளே உள்ளே சுருக்கம் நிகழ்வதற்கான அறிகுறி என்பதை அறிந்திருந்தால் அச்செலவு மிஞ்சும். நெற்றியோர மயிர் மெலிதலோ வேரடியில் சிறு கொப்புளங்களோ தோன்றுவது வேறு விடயம். தொடர்ந்த இழுவையால் மயிர்க்கால் சேதமடையும் இழுவை முடியுதிர்வின் தொடக்கம் அது. நீண்டகாலம் கவனியாது விட்டால் அவ்விடத்தில் மயிர் மீண்டும் முளைக்காது. தோல் வைத்தியரிடம் காட்டுவதும் கட்டுவதைத் தளர்த்துவதும் உடனே செய்யவேண்டியவை.

சடையை விரும்பாமலே பெற்றவர்களின் வரலாறும் உண்டு. ஐரோப்பாவில் 'பிளிக்கா பொலோனிக்கா' என்று அழைக்கப்பட்ட சடையை நோயை உடலிலிருந்து வெளியே இழுக்கும் ஒன்றாக மக்கள் நம்பி வெட்டாது காத்தனர். டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானின் சடைப்புரி கொப்பன்ஹேகனின் ரோசன்போர்க் மாளிகையில் இன்றும் பேணப்படுகிறது. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிராகோ நகர வைத்தியர் யூசெஃப் டீட்ல் அந்நம்பிக்கைக்கு எதிராகத் தீவிரமாகப் பிரசாரம் செய்தார். இந்தியாவில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும், பெண்ணொருத்தியின் தலையில் சடை விழுந்தால் எல்லம்மா தெய்வம் அவளை அழைக்கிறாள் என்று கொண்டு அவளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் இருந்தது. மூடநம்பிக்கை ஒழிப்புக்காக நரேந்திர தாபோல்கர் 1989 இல் நிறுவிய மகாராஷ்டிர அந்தசிரத்தா நிர்மூலன் சமிதியின் தொண்டர்கள், அத்தகைய பெண்களையும் குடும்பத்தாரையும் பலமுறை சந்தித்துப் பேசி, அவர்கள் இசைந்த பின்னரே சடையை வெட்டி வருகின்றனர். 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் தாபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரும் அப்பணி நிற்கவில்லை.

விரும்பி வளர்த்தவர் பின்னர் நீக்க நினைத்தாலும் மொட்டையடித்தே தீரவேண்டும் என்பதில்லை. சடையை வேரிலிருந்து ஐந்தாறு சென்ரிமீற்றர் விட்டு வெட்டி, எஞ்சியதைக் கண்டிஷனரிலோ தேங்காயெண்ணெயிலோ ஊறவைத்து, தடித்த ஊசியால் நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரித்தால், குட்டையானாலும் முழுமையான மயிர் மிஞ்சும். இருவர் மூவர் கூடியிருந்தால் ஒன்றிரண்டு நாட்களில் முடியும். அப்போது கைநிறைய வந்து விழும் மயிரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, அவற்றுட் பெரும்பாலானவை கடந்த ஆண்டுகளில் நாள்தோறும் உதிர்ந்து சடைக்குள்ளேயே தங்கியிருந்தவை.